கொலுப்படியும் முறுக்கு டப்பாவும்: வீட்டில் கைவினைக்கென்று ஓர் இடம் அமைக்க முழுமையான வழிகாட்டி

இரட்டைப் பக்க டேப் ஏழு சுருள். வீட்டில் அங்கங்கே கிடந்த கைவினைப் பொருள்களை முதன்முறையாக ஒரே இடத்தில் கொட்டிப் பார்த்த அன்று கிடைத்த கணக்கு இது. ஏழில் நான்கு பிரிக்கப்படாதவை. ஒவ்வொரு முறையும் தீர்ந்துவிட்டது என்று நினைத்துக் கடைக்குப் போய் வாங்கி வந்திருக்கிறேன். உண்மையில் எதுவும் தீரவில்லை, கண்ணில் படவில்லை, அவ்வளவுதான். இடத்தை ஒழுங்கு செய்ய வேண்டும் என்ற எண்ணம் அழகுணர்ச்சியால் வந்ததில்லை, அந்த ஏழு சுருளைப் பார்த்த எரிச்சலால் வந்தது.

இணையத்தில் கிடைக்கும் கைவினை அறைப் படங்களைப் பார்த்து அப்படியே செய்யப் போனால் நம் வீட்டில் தோற்றுப்போவோம். சுவர் முழுக்கத் திறந்த அலமாரி, வெயில் விழும் ஜன்னலோரம் கண்ணாடிச் சீசாக்களில் ரிப்பன், கம்பியில் கிளிப் போட்டுத் தொங்கும் காகிதம். சென்னையில் ஒரே கோடையில் அந்த ரிப்பன் வெளுத்துவிடும், திறந்த அலமாரியில் தூசி படியும், தொங்கும் காகிதத்தை மின்விசிறி கூடத்துக்கு அனுப்பிவிடும். ஐப்பசி மழையில் அட்டை நமுத்து அப்பளம்போல் வளையும். எனக்கு இருப்பது படுக்கையறையின் ஒரு மூலை, எட்டடிக்கு நாலடி. அதில் மூன்று ஆண்டுகளாக, படங்களையும் நினைவுப் பொருள்களையும் ஒட்டி அலங்கரிக்கும் ஸ்கிராப்புக்குகளும் வாழ்த்து அட்டைகளும் செய்துவருகிறேன். பல தடவை மாற்றி அமைத்தபின் நிலைத்த முறையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் வேலை: தரையில் கொட்டுவது

டப்பா வாங்குவது கடைசி வேலை. முதலில் வாங்கினால் டப்பாவுக்கு ஏற்றபடி பொருளைத் திணிப்போம். ஒரு சனி, ஞாயிறு ஒதுக்கிக்கொண்டு கூடத்தில் பழைய போர்வையை விரியுங்கள். அலமாரி, பரண், கட்டிலடி, தையல் மெஷின் இழுப்பறை, கைப்பை என்று எங்கெங்கே ஒளிந்திருக்கிறதோ அங்கிருந்தெல்லாம் கொண்டுவந்து கொட்டுங்கள்.

பிரிக்கும்போது நிறத்தையோ விலையையோ பார்க்க வேண்டாம், வேலையைப் பாருங்கள். வெட்டுபவை, ஒட்டுபவை, எழுதுபவை, அலங்காரம், காகிதம், நினைவுப் பொருள்கள் என ஆறு குவியல். கத்தரிக்கோலும் கட்டரும் அளவுகோலும் ஒரே குவியலில் விழ வேண்டும், ஏனென்றால் அவை எப்போதும் சேர்ந்தே கைக்கு வருகின்றன.

கழிப்பதில் இரக்கம் வேண்டாம். பசையைப் பிதுக்கிப் பாருங்கள், கட்டி கட்டியாக வந்தால் குப்பைக்கு. டேப்பின் ஓரம் பழுப்பேறி இருந்தால் அதுவும் குப்பைக்கு. ஸ்கெட்ச் பேனா ஒவ்வொன்றாலும் ஒரு கோடு போட்டுப் பாருங்கள். நன்றாக இருந்தும் நாம் தொடாமல் வைத்திருப்பவற்றைப் பக்கத்து அங்கன்வாடிக்கோ பள்ளிக்கோ கொடுத்துவிடலாம்.

கல்யாணப் பத்திரிகைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் இலவசமாக வந்து சேரும் மிக உயர்ந்த அட்டை அதுதான். புடைப்பாக அச்சிட்ட பிள்ளையார், தங்க ஓரம், கெட்டியான உறை எல்லாம் பயன்படும். ஆனால் மஞ்சள் தடவிய நான்கு மூலைகளையும் வெட்டி எறிந்துவிட்டுத்தான் அடுக்க வேண்டும். ஈரக் காலத்தில் அந்த மஞ்சள் அடுத்த காகிதத்திலும் இறங்கும். பெயர், முகவரி உள்ள உள்தாளையும் எடுத்துவிடுங்கள். என்னிடம் இரண்டு முழம் உயரத்துக்கு இருந்த பத்திரிகை அடுக்கு, இப்படிச் செய்தபின் ஒரு செருப்புப் பெட்டிக்குள் அடங்கிவிட்டது.

எந்தச் சுவர்?

அடுக்களைக்குப் பக்கத்தில் வேண்டாம், தாளிக்கும் எண்ணெய்ப் பிசுக்கு காகிதத்தில் படியும். குளியலறையோடு ஒட்டிய சுவரும் வேண்டாம். வெளிச்சுவராக இருந்தால் ஓதம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஓரடிச் சதுர பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து நான்கு ஓரமும் டேப்பால் இறுக ஒட்டி இரண்டு நாள் விட்டுவிடுங்கள். தாளின் உட்புறம் நீர் முத்து கோத்திருந்தால் ஈரம் சுவரிலிருந்தே வருகிறது, அந்தச் சுவரோரம் காகிதத்தை வைக்கவே கூடாது.

நல்ல சுவராக இருந்தாலும் பீரோவையும் அலமாரியையும் மூன்று அங்குலம் தள்ளியே போடுங்கள். பின்னால் காற்று போக வேண்டும். கரையான் வந்தாலும் அந்த இடுக்கில் டார்ச் அடித்துப் பார்க்கலாம். அடித்தட்டு தரையைத் தொடாமல் கால் வைத்து உயர்த்திவிட்டால் வீடு துடைக்கும் தண்ணீர் ஏறாது. புதிதாக அலமாரி செய்வதாக இருந்தால், மர இழையை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகையைத் தவிர்ப்பது நல்லது. அதன் ஓரத்தில் ஈரம் பட்டால் உப்பிவிடும், பிறகு பழைய நிலைக்கு வராது. பழைய இரும்பு பீரோ ஒன்று வீட்டில் சும்மா நின்றால் அதைவிட நல்ல காகிதப் பெட்டகம் கிடையாது. இருட்டு, இறுக்கமான கதவு, பூச்சி அரிக்காத உடம்பு.

மேசை

பன்னிரண்டு அங்குல ஸ்கிராப்புக்கை விரித்து வைத்தால் அகலம் மட்டும் இரண்டடி. பக்கத்தில், வெட்டும்போது அடியில் விரிக்கும் ஏ3 அளவுக் கட்டிங் மேட், அது 42 சென்டிமீட்டர். கைக்கருவிகளுக்குக் கொஞ்சம் இடம். ஆக நாலடிக்கு இரண்டடிக்குக் குறைந்த மேசை போதாது. அறையில் இடமில்லையென்றால் சுவரில் கீல் வைத்து மடக்கும் பலகை போடலாம்.

உட்கார்ந்து ஒட்டுவதற்குச் சாப்பாட்டு மேசையின் உயரம், அதாவது 72 முதல் 75 சென்டிமீட்டர், சரியாக இருக்கும். ஆனால் நீளமாக வெட்டுவது உட்கார்ந்து செய்யும் வேலை இல்லை. குனிந்து வெட்டினால் முதுகு பிடிக்கும், கோடும் கோணும். நின்று வெட்ட வேண்டும், மேடை முழங்கைக்குச் சற்றுக் கீழே இருக்க வேண்டும். அந்த உயரத்தில் எல்லா வீட்டிலும் ஏற்கெனவே ஒரு மேடை இருக்கிறது, சமையல் மேடை. மத்தியானம் துடைத்துக் காய்ந்தபின் கட்டிங் மேட்டை அங்கே கொண்டுபோய் மொத்த வெட்டு வேலையையும் முடித்துவிட்டு வருகிறேன். தரையில் சம்மணமிட்டு வேலை செய்து பழகியவர்கள் ஓரடி உயரக் குட்டை மேசையே போதும் என்று இருந்துவிடலாம், நாற்காலிக்கு மாறியே ஆக வேண்டும் என்ற கட்டாயமில்லை.

விளக்கு, விசிறி

கூரையில் இருக்கும் விளக்கு நம் முதுகுக்குப் பின்னால் இருந்தால் நம் நிழலே மேசைமேல் விழும். வலக்கைக்காரர்களுக்கு இடப்பக்கத்திலிருந்து ஒரு மேசை விளக்கு வேண்டும். எல்.இ.டி. பல்பு வாங்கும்போது பெட்டியில் 4000 கெல்வின் என்று போட்டிருப்பதைத் தேடுங்கள். 3000 மஞ்சளடிக்கும், 6500 நீலமடிக்கும். நிறத்தை எவ்வளவு சரியாகக் காட்டும் என்பதற்கான அளவு சி.ஆர்.ஐ. அது 90 அல்லது அதற்குமேல் இருந்தால் நிறம் உள்ளபடி தெரியும். ராத்திரி பொருத்தமாகத் தெரிந்த அரக்குக் காகிதம் காலையில் செங்கல் நிறமாக இருப்பதற்குக் காரணம் நம் ரசனைக் குறைவில்லை, பல்புதான்.

மின்விசிறியை நிறுத்திவிட்டு வேலை செய்யச் சொல்பவர்கள் சித்திரையில் சென்னைக்கு வந்து பார்க்க வேண்டும். மேசையை விசிறிக்கு நேர்கீழே போடாமல் இறக்கையின் வட்டத்துக்கு வெளியே தள்ளிப் போடுங்கள். மேசையில் கனமான பொருள் நான்கு எப்போதும் இருக்கட்டும். நான் பாட்டியின் பித்தளை ஆழாக்கை வைத்திருக்கிறேன். காகிதத்துக்குப் பாரம், பேனாவுக்குக் குடுவை. சமிக்கி, ஜிகினாத் தூள் வேலையை மட்டும் விசிறியை நிறுத்திவிட்டு, ஓரம் உயர்ந்த தாம்பாளத்துக்குள் செய்யுங்கள். தாம்பாளத்தில் சிந்தியதை ஒரு தாளால் வழித்துத் திரும்ப டப்பாவில் போட்டுக்கொள்ளலாம்.

காகிதம்

கைவினைக்காரர் வீட்டில் அதிக இடத்தைப் பிடிப்பதும், முதலில் கெடுவதும் காகிதம்தான். நம் ஊரில் அது நாலு அளவில் வருகிறது. ஏ4 தாள், பன்னிரண்டு அங்குலச் சதுரத் தாள், 22க்கு 28 அங்குல சார்ட், அதைவிடப் பெரிய முழுத் தாள். பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் முழுத் தாளாக வாங்கினால் மலிவு என்று வாங்கி வந்து, வைக்க இடமில்லாமல் சுருட்டிப் பரணில் போட்டவள் நான். சுருட்டிய கெட்டித் தாள் பிறகு படியவே படியாது. இப்போதெல்லாம் அங்கேயே பன்னிரண்டு அங்குலச் சதுரமாகவும் ஏ4 ஆகவும் வெட்டி வாங்கிவிடுகிறேன்.

அடுக்கும்போது நிறத்தைவிட கனத்தை முதலில் பாருங்கள். ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்பதுதான் ஜி.எஸ்.எம். 70, 80 ஜி.எஸ்.எம். சாதாரணத் தாள், 120 அளவில் அலங்கார வடிவம் அச்சிட்ட தாள், 200க்குமேல் அட்டை. ஸ்கிராப்புக் பக்கத்தின் அடித்தளத்துக்கு 250 இருந்தால்தான் படமும் பூவும் ஒட்டியபின் தொய்யாது. மூன்றையும் கலந்து அடுக்கினால் மெல்லிய தாள் கெட்டித் தாளின் விளிம்பில் மடங்கும்.

நிற்கவைப்பதா, படுக்கவைப்பதா? நிற்கவைத்தால் தேட வசதி. ஆனால் ஈரக் காற்றில் தளர்வாக நிற்கும் தாள் இடுப்பில் வளைந்துவிடும். அதனால் முழுத் தாள்களைப் படுக்கவைத்து மேலே ஒரு பலகைப் பாரம் ஏற்றுகிறேன். மிச்சம் மீதித் துண்டுகளை மட்டும் நிற்கவைத்திருக்கிறேன், அவையும் பெட்டிக்குள் இறுக்கமாக. ஒரு தட்டில் நாற்பது தாளுக்குமேல் வேண்டாம். அடியில் இருப்பதை உருவும்போது மேலே இருப்பது கசங்கும், பிறகு அடியில் இருப்பதைத் தொடவே மாட்டோம். துண்டுகளுக்கு ஒரு சட்டம் வைத்துக்கொள்ளுங்கள். உள்ளங்கையைவிடச் சிறியது காகிதத்தைச் சுருட்டிச் செய்யும் குவில்லிங் வேலைக்கோ, வடிவம் வெட்டும் பஞ்ச் கருவிக்கோ போகும், அதற்கும் ஆகாதது குப்பைக்குப் போகும்.

இராமபாணப் பூச்சிக்கு ஈரமும் மாவுச் சத்தும் பிடிக்கும். மைதா காய்ச்சிய பசையால் ஒட்டிய ஆல்பத்தை அது தேடி வந்து தின்னும். ஓலைச்சுவடிகளுக்கிடையே வசம்பைப் பொடித்துத் துணியில் முடிந்து வைப்பது தஞ்சை சரசுவதி மகால் நூலகம் போன்ற இடங்களில் இருந்துவந்த பழைய வழக்கம். நானும் பீரோவின் ஒவ்வொரு தட்டிலும் ஒரு வசம்பு முடிச்சு வைக்கிறேன், காகிதத்தில் நேராகப் படாமல். நாஃப்தலீன் உருண்டையை மட்டும் கைவினை அலமாரிக்குள் போடாதீர்கள். அதன் ஆவி பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக் டப்பாக்களை இளக்கிப் பிசுபிசுக்க வைக்கும். ஈரத்துக்கு சிலிக்கா ஜெல் வைக்கலாம். ஆரஞ்சு நிற மணிகள் பச்சையாக மாறினால் ஈரம் நிறைந்துவிட்டது என்று பொருள், ஓவனில் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் சூடாக்கினால் பெரும்பாலும் பழைய நிறத்துக்குத் திரும்பும். குழந்தை கைக்கு எட்டாத தட்டில் வையுங்கள்.

புகைப்படமும் நினைவுப் பொருளும்

இந்தப் பகுதியில் அவசரப்படாதீர்கள். காகிதம் கெட்டால் திரும்ப வாங்கலாம். தாத்தா ஸ்டூடியோவில் நின்று எடுத்துக்கொண்ட படம் ஒன்றே ஒன்றுதான்.

முதலில் ஸ்கேன் செய்துவிடுங்கள், வெட்டுவது, ஒட்டுவது எல்லாம் நகலில்தான். அசல் படங்கள் தனிப் பெட்டியில், பீரோவின் நடுத்தட்டில் இருக்கட்டும். மேல்தட்டில் சூடு, கீழ்த்தட்டில் ஈரம். உறை வாங்கும்போது பாலிப்ரொப்பிலீன் அல்லது பாலியஸ்டர் என்று கேட்டு வாங்குங்கள். பி.வி.சி. வேண்டாம், அது வெளிவிடும் பொருள்கள் படத்தைக் கெடுக்கும். சந்தேகம் இருந்தால் முகர்ந்து பாருங்கள். புது மழைக்கோட்டு வாசனை அடித்தால் விட்டுவிடுங்கள்.

முன்பு கல்யாண வீடுகளில் பரிசாக வந்த, பசைக்கோடு போட்ட அட்டையின்மேல் பிளாஸ்டிக் தாளை உரித்து மூடும் ஆல்பங்கள் பல வீடுகளில் இன்னும் இருக்கின்றன. அந்தப் பசை பழுப்பேறிப் படத்தைப் பிடித்துக்கொள்ளும். நகத்தால் நெம்பினால் படம் கிழியும். மெழுகு பூசாத டென்டல் ஃப்ளாஸை இரு கையாலும் இழுத்துப் பிடித்து, படத்துக்கும் அட்டைக்கும் நடுவே ரம்பம்போல் மெல்ல முன்னும் பின்னும் நகர்த்துங்கள். என் பெற்றோரின் கல்யாண ஆல்பத்தில் ஒரு பக்கத்துக்கு முக்கால் மணி நேரம் ஆனது. கண்ணாடிச் சட்டத்தில் ஒட்டிக்கொண்ட படத்தை மட்டும் பிரிக்க முயல வேண்டாம், கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்யுங்கள்.

படத்தின் பின்னால் பால்பாயின்ட் பேனாவால் எழுதினால் எழுத்து முன்பக்கம் புடைக்கும். பழைய கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு மென்மையான 4பி பென்சில், வழவழப்பான கலர் படங்களுக்கு நிறமி மை பேனா. பெரியவர்கள் இருக்கும்போதே உட்கார்ந்து பெயர்களைக் கேட்டு எழுதிவிடுங்கள்.

செய்தித்தாள் நறுக்கு மஞ்சளாவதற்குக் காரணம் அந்தக் காகிதத்திலேயே இருக்கும் லிக்னினும் அமிலமும். அந்த அமிலம் பக்கத்தில் ஒட்டியிருக்கும் படத்துக்கும் பரவும். அதை நல்ல தாளில் நகலெடுத்து, நகலை ஒட்டுங்கள். கெட்டி அட்டையில் அச்சடித்த பழைய ரயில் டிக்கெட், கண்டக்டர் துளையிட்ட மெல்லிய கலர் பஸ் டிக்கெட் இவையெல்லாம் அச்சு மை, பல ஆண்டு நிற்கும். இப்போது கையடக்க மெஷினிலிருந்து வரும் டிக்கெட்டும் பெரும்பாலான சினிமா டிக்கெட்டும் வெப்பத் தாள். மை கிடையாது, சூடு பட்ட இடம் கறுக்கும், நாளாக ஆக எழுத்து மங்கும். இது தெரியாமல் மகளின் முதல் சினிமா டிக்கெட்டைப் பத்திரப்படுத்த லேமினேஷன் செய்யக் கொடுத்தேன். உருளைக்குள் வெள்ளையாகப் போனது, மறுபக்கம் தார்போட்டதுபோல் கறுகறுவென்று வந்தது. கடைக்காரரும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அந்தக் கறுப்புத் துண்டும் அவளுடைய ஸ்கிராப்புக்கில் இருக்கிறது, பக்கத்தில் தேதி போட்டு.

பொடிப் பொருள்கள்

மணி, சமிக்கி, பட்டன், கல், காகிதப் பூ. இவற்றுக்கு மூடி வழியே உள்ளே தெரிய வேண்டும், அது ஒன்றே விதி. என் மாமியார் ஒருநாள் பரணிலிருந்து எவர்சில்வர் முறுக்கு டப்பாக்களை இறக்கிவைத்து, "சும்மாதானே கிடக்கிறது, எடுத்துக்கொள் அம்மா" என்றார். வாங்கிக்கொண்டேன். மூன்று மாதத்தில் எதில் என்ன இருக்கிறது என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பதே வேலையாகிவிட்டது. இப்போது அவற்றில் ஜரிகை, லேஸ், கம்பளி நூல் போன்ற பருமனான பொருள்கள் மட்டும் இருக்கின்றன, மூடியில் உள்ளிருக்கும் பொருளின் துண்டு ஒன்றை ஒட்டியிருக்கிறேன். எழுதி ஒட்டுவதைவிட இது வேகம். பொடி மணிகளுக்கு அறைகள் உள்ள மாத்திரை டப்பாவோ ஐந்தறைப்பெட்டியோ போதும். அடுக்கடுக்காகத் தள்ளி எடுக்கும்படி வைக்காதீர்கள். ஒரு பொருளை எடுக்க மூன்று பொருளை நகர்த்த வேண்டுமென்றால், அதைத் திரும்ப வைக்க மாட்டோம்.

பசை, கத்தி, சூடு

தினமும் எடுப்பவை உட்கார்ந்த இடத்திலிருந்து கை நீட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். என் கணக்கில் அவை ஒன்பதுதான்: கத்தரிக்கோல், கட்டர், இரும்பு அளவுகோல், பென்சில், அழிப்பான், பசை, டேப், சாமணம், மடிப்புக் கட்டை. இவை ஆழாக்கிலும் ஒரு சிறு தட்டிலும் இருக்கின்றன. மற்றதெல்லாம் எழுந்துபோய் எடுத்தால் போதும்.

டேப் சுருள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் வெயில் காலத்தில் பசை கசிந்து ஒட்டிக்கொள்ளும். நடுவே ஒரு வட்டம் வெண்ணெய்த் தாள் வையுங்கள், அல்லது கம்பியில் கோத்துத் தொங்கவிடுங்கள். வெள்ளைப் பசையில் நீர் இருப்பதால் மெல்லிய தாள் சுருங்கும், தாளுக்குத் தாள் ஒட்ட டேப்பும், பூவுக்கும் மணிக்கும் பசையும் என்று பிரித்துக்கொள்ளலாம். பசைத் துப்பாக்கிக் குச்சி 7 மில்லிமீட்டர், 11 மில்லிமீட்டர் என இரண்டு பருமனில் வருகிறது, துப்பாக்கியைப் பார்த்து வாங்குங்கள். சூட்டு நுனிக்கு அடியில் மிச்சமிருந்த தரை ஓடு ஒன்றைப் போட்டுவைத்தால் சன்மைக்கா தப்பிக்கும். சுவிட்சை அணைத்தபின் பத்து நிமிடமாவது அது அந்த ஓட்டின்மேல்தான் இருக்க வேண்டும்.

துணி வெட்டும் கத்தரிக்கோலால் காகிதம் வெட்டினால் முனை மழுங்கும். அதன் பிடியில் சிவப்பு நூல் கட்டிவிடுங்கள், வீட்டில் எல்லோருக்கும் தெரியட்டும். கடலோர ஊரில் துரு சீக்கிரம் வரும், மாதம் ஒருமுறை தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு தடவித் துடைக்க வேண்டும். உடைத்த பிளேடுத் துண்டுகளை மூடியில் கீறல் போட்ட பழைய மருந்துப் புட்டியில் சேர்த்து, நிறைந்தபின் டேப்பால் சுற்றிப் போடுங்கள். குப்பையைக் கையால் பிரிப்பவர்கள் இருக்கிறார்கள். கட்டிங் மேட்டை வெயிலிலோ கார் இருக்கையிலோ விட்டால் வளைந்துவிடும், படுக்கவைத்தே வையுங்கள்.

பாதியில் நிற்கும் வேலை

சாப்பிடக் கூப்பிடுவார்கள், குக்கர் கூவும், காலிங் பெல் அடிக்கும். மேசையில் பரப்பியதை அப்படியே விட்டால் மேசை போய்விடும், எடுத்துவைத்தால் வேலை போய்விடும். அதற்காக மூன்று ஆழமில்லாத தட்டுகள் வைத்திருக்கிறேன். ஒரு தட்டுக்கு ஒரு வேலை: அதற்கான படம், காகிதம், வெட்டிய துண்டு, பாதி ஒட்டிய பக்கம் எல்லாம் அதற்குள். எழும்போது தட்டோடு தூக்கிச் செருகிவிடலாம். மூன்று தட்டும் நிறைந்திருந்தால் நான்காவது வேலையைத் தொடங்குவதில்லை. எல்லாவற்றையும்விட இதைக் கடைப்பிடிப்பதுதான் எனக்குக் கடினமாக இருக்கிறது.

அந்தத் தட்டுகளைச் செருகியிருப்பது கொலுப்படியில். இரும்புச் சட்டத்தில் பலகை பொருத்தும் ஐந்து படி, ஒன்பது நாள் போக ஆண்டு முழுவதும் கட்டிலடியில் மடங்கிக் கிடந்தது. சுவரோரம் நிறுத்தி முன்னால் ஒரு பருத்தித் திரை போட்டேன், தூசியும் விழவில்லை, கண்ணுக்கும் உறுத்தவில்லை. மேல்படியில் எப்போதாவது எடுப்பவை, நடுப்படிகளில் வேலைத் தட்டுகள், கீழ்ப்படியில் கனமானவை. புரட்டாசி வந்ததும் மாமியார் பொம்மைப் பெட்டியை இறக்கிவிடுவார், நான் படியைக் காலி செய்தாக வேண்டும். மறுபடி கூடத்தில் போர்வை, மறுபடி எல்லாம் தரையில். மழைக்காலம் தொடங்குவதற்குச் சற்று முன்னால் இது நடப்பதால் வசம்பு முடிச்சை மாற்றவும், சிலிக்கா மணியைச் சூடாக்கவும், பீரோவின் பின்பக்கம் டார்ச் அடித்துப் பார்க்கவும் அதுவே நாளாகிவிட்டது. போன நவராத்திரிக்குக் கொட்டியபோது இரட்டைப் பக்க டேப் இரண்டு சுருள் இருந்தது.